அரைநேர இடைவேளை இல்லாத ஓட்டம்: கணுக்காலுக்கு எந்த டேப்?

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எண்ணூர் விரைவுச்சாலையில் 17-வது கிலோமீட்டரில் ஒரு பெண் ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினார். விடியற்காலை நாலரை மணிக்கு அவருடைய அண்ணன் கட்டிவிட்ட வெள்ளை டேப், காலோடு ஒட்டாமல் தனியே ஒரு கூடு மாதிரி நின்றது. உள்ளே விரலை விட்டுச் சுற்றலாம். அதன் மேல்விளிம்பு சுருண்டு கயிறாகி, குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாரின்மீது சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. டேப்புக்கும் தோலுக்கும் நடுவில் நறநறவென்று மணல். "இறுக்கமாத்தான்ணா கட்டினான். ஆரம்பத்துல கால் அசையவே இல்ல" என்றார்.

அண்ணன் வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறவர். அவர் கட்டியதில் தப்பே இல்லை. ஆட்டம்தான் வேறு. கால்பந்தில் 45 நிமிடம் ஆடினால் இடைவேளை வரும். டேப் தளர்ந்திருந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி கட்டலாம். கணுக்கால் கட்டு பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் கால்பந்து, கூடைப்பந்து மைதானங்களிலிருந்து வந்தது. 21 கிலோமீட்டரோ 42 கிலோமீட்டரோ ஓடுகிறவருக்கு இடைவேளை ஏது? இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம், வியர்வையில் ஊறிக்கொண்டே அதே டேப்தான் தாங்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். ஜனவரி மாரத்தான் நெருங்க நெருங்க என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: வெள்ளை டேப்பா, கலர் டேப்பா, இல்லை பேசாமல் பிரேஸ் (கணுக்காலில் மாட்டும் உறை) வாங்கிவிடலாமா? ஓடுகிறவரின் பக்கமிருந்து மட்டும் இதற்குப் பதில் சொல்கிறேன்.

## கட்டுவதற்கு முன்னால்

ஓடும்போது கால் மடங்குவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். பாதம் உள்ளே திரும்பும், உடம்பு எடை முழுவதும் பாதத்தின் வெளிவிளிம்பில் இறங்கும். வெளிக்கணுவுக்கு முன்பக்கம் இருக்கும் லிகமெண்ட்தான், அதாவது எலும்புகளை இணைக்கும் நார்தான், முதலில் கிழியும். கண்ணை மூடித் திறப்பதற்குள் மடங்கி முடிந்துவிடும்; தசை சுதாரித்து இழுப்பதற்கு நேரம் கிடையாது.

நம் பக்கத்துச் சாலைகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி எல்லோரும் ஓரமாகத்தான் ஓடுகிறோம். சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ஓரப்பக்கத்துக் கால் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் வெளிப்பக்கமாகவே சாயும். இடது ஓரத்தில் ஓடினால் இடது கால், வலது ஓரத்தில் ஓடினால் வலது கால். எந்தக் காலுக்குக் கட்டு தேவை என்று யோசிக்கிறவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போதுதான் மடங்கியது, வீங்கியிருக்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. உள்கணு, வெளிக்கணு எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா, பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தும் எலும்பிலோ உள்பக்க மேட்டிலோ வலிக்கிறதா, நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லையா, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே. கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் வகுத்த விதி இது, இன்றைக்கும் உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் இதைத்தான் பார்க்கிறார்கள். ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. டேப்போ புத்தூர்க் கட்டோ, எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகுதான்.

## எதை வைத்து எடை போடுவது

கடையில் போய் நிற்கும்போது "எது ஸ்ட்ராங்?" என்று மட்டும்தான் கேட்கிறோம். நீண்ட ஓட்டத்துக்கு அது பாதிக் கேள்விதான். பாதம் உள்ளே மடங்குவதைத் தடுக்கிறதா, அந்தப் பிடி எத்தனை கிலோமீட்டர் நிற்கும் என்பதை முதலில் பாருங்கள். அடுத்தது, கால் மேலும் கீழும் போவதைத் தடுக்கிறதா. 40,000 அடி எடுத்துவைக்கிறவருக்குக் கணுக்கால் பூட்டிக்கொண்டால், முட்டியும் இடுப்பும் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும். பிறகு தோல்: கடலோரக் காற்றில் விடியற்காலையிலேயே ஈரம் தேங்கி நிற்கிற ஊர் இது. இருட்டில், தனியாக, நாமே கட்டிக்கொள்ள முடியுமா என்பதும் முக்கியம். கடைசியாகக் காசு. ஒரு ரோல் எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரு ஓட்டத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்.

## 1. வெள்ளை டேப், முழுக் கூடைக் கட்டு

அந்தப் பெண்ணின் அண்ணன் கட்டியது இதுதான். 38 மில்லிமீட்டர் அகலம், இழுத்தால் நீளாத ஜிங்க் ஆக்சைடு டேப். கெண்டைச் சதைக்குக் கீழே ஒரு ஆங்கர் (மற்ற பட்டைகளைத் தாங்கும் அடிப்பட்டை), பாதத்தின் நடுவில் ஒரு ஆங்கர். உள்பக்கத்தில் தொடங்கி குதிகாலுக்கு அடியில் போய் வெளிப்பக்கம் மேலே இழுக்கிற ஸ்டிரப் மூன்று. அவற்றுக்குக் குறுக்கே, குதிகாலைப் பின்னாலிருந்து அணைக்கிற லாடப் பட்டைகள். மேலே ஹீல் லாக் (குதிகாலைப் பூட்டிப் பிடிக்கும் சுற்று), எட்டு வடிவச் சுற்று. கூடை முடைவது போல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

முதல் பத்து நிமிடத்தில் இதை அடிக்க வேறு டேப் கிடையாது. ஆனால் 1962-லேயே ராரிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் அளந்து சொல்லிவிட்டார்கள்: பத்து நிமிடம் தீவிரமாக ஓடியாடிய பிறகு கட்டின் பிடிமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடுகிறது. பிசின் வியர்வையில் நழுவுகிறது, டேப்புக்குக் கீழே தோலே நகர்கிறது. முழுதாக வீணாகிவிடுவதில்லை, கால் கடைசி எல்லைவரை மடங்குவதை ஓரளவு தடுத்துக்கொண்டுதான் இருக்கும், தோலில் டேப் இழுபடும் உணர்வும் எச்சரிக்கை தரும். ஆனால் 17-வது கிலோமீட்டரில் மிஞ்சுவது என்ன என்பதை அந்தச் சாலையோரக் கல்லிலேயே பார்த்துவிட்டோம்.

மறைந்திருக்கும் செலவுகள் இதில்தான் அதிகம். ஒரு ரோல் இரண்டு கணுக்காலுக்கு மேல் வராது. வாரம் நாலு நாள் ஓடுகிறவருக்கு ஒரே காலுக்கு வாரத்துக்கு இரண்டு ரோல். அடியில் சுற்றும் மெல்லிய ஃபோம் தனி. கட்ட இன்னொரு ஆள் வேண்டும், அதுவும் கைபழகிய ஆள். எல்லாவற்றையும்விட முக்கியம், மணிக்கணக்கில் ஓடும்போது பாதம் வீங்கும். நீளாத டேப்பை முழு வட்டமாகச் சுற்றியிருந்தால் வீக்கத்துக்குப் போக்கிடம் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒருவருக்கு நானே நடுப்பாத ஆங்கரை இறுக்கிவிட்டேன். 30-வது கிலோமீட்டரில் அவருக்குச் சுண்டுவிரல் பக்கம் மரத்துப் போய், மீதியை நடந்து முடித்தார். இன்றுவரை அந்த ஆங்கரை ஒட்டும்போதெல்லாம் பாதத்தைத் தரையில் ஊன்றி விரலை விரிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு இது சரி. 5 கிலோமீட்டர் பந்தயம், டிராக்கில் வேகப் பயிற்சி, மழையில் குண்டும் குழியுமான ரோட்டில் குறுகிய ஓட்டம், இவற்றுக்கு இதையே கட்டுங்கள்.

## 2. கலப்புக் கட்டு: ஸ்டிரப் மட்டும் வெள்ளை, மீதி எலாஸ்டிக்

நீண்ட ஓட்டத்துக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

மடங்குவதை நேரடியாகத் தடுப்பது ஸ்டிரப். அது நீளக் கூடாது, ஆகவே வெள்ளை டேப். ஆங்கர், ஹீல் லாக், எட்டு வடிவச் சுற்று எல்லாம் காலைச் சுற்றி வருபவை. அவை வீக்கத்துக்கும் கெண்டைச் சதையின் அசைவுக்கும் இடம் கொடுக்க வேண்டும், ஆகவே எலாஸ்டிக் பிசின் டேப். மருந்துக் கடைகளில் டைனாபிளாஸ்ட் என்று கேட்டால் புரியும்; இருப்பதில் அகலம் குறைந்ததை வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பெட்டியாக வாங்கினால் கட்டுப்படியாகும்.

கட்டும் முறை இது. முதல் நாள் ராத்திரியே கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் முடியை மழித்துவிடுங்கள். காலையில் மழித்தால் எரியும். தோலில் எண்ணெய், கிரீம் எதுவும் கூடாது. குதிகாலுக்கு மேலே அக்கிலிஸ் நார் இருக்கும் இடத்திலும், முன்பக்கம் கால் மடியும் இடத்திலும் ஃபோம் துண்டில் துளி வாசலின் தடவி வையுங்கள். கொப்புளம் கிளம்புவது இந்த இரண்டு இடத்தில்தான். பாதம் கீழ்க்காலுக்கு 90 பாகையில் நிற்க வேண்டும். தொங்கவிட்ட பாதத்தில் கட்டினால் ஓட எழுந்ததும் எல்லாம் இழுக்கும். எலாஸ்டிக்கில் இரண்டு ஆங்கர், இழுக்காமல் வெறுமனே படியவிட்டு. பிறகு வெள்ளை ஸ்டிரப் மூன்று, ஒன்றின் பாதியை அடுத்தது மூடும்படி, வெளிப்பக்கம் ஏறும்போது மட்டும் நன்றாக இழுத்து.

அடுத்து ஹீல் லாக். சொதப்புகிறவர்கள் இங்கேதான் சொதப்புவார்கள். எலாஸ்டிக்கைப் பாதத்தின் மேல்பக்கத்தில் தொடங்குங்கள். சாய்வாகக் குதிகாலுக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து குதிகாலின் பக்கவாட்டைப் பிடித்தபடி அடியில் இறக்கி, மறுபக்கம் மேலே ஏற்றி, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவாருங்கள். குதிகால் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி பிடிபட வேண்டும். அதையே எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று. கடைசியாக எட்டு வடிவத்தில் ஒரு சுற்று, முனை திறக்காதபடி வெள்ளை டேப்பில் ஒரு சிறு துண்டு. கால் பெருவிரல் நகத்தை அழுத்திவிடுங்கள்: இரண்டு வினாடியில் சிவப்பு திரும்பி வர வேண்டும். வரவில்லையானால் அவிழ்த்துக் கட்டுங்கள், சமாளித்துக்கொள்ளலாம் என்று ஓடாதீர்கள்.

இந்தக் கட்டும் தளரும். ஆனால் எலாஸ்டிக் காலோடு சேர்ந்து அசைவதால் கூடு மாதிரி பிரிந்து நிற்காது. ஓரத்தில் சுருண்டு கயிறாவதும் குறைவு. முதல் பத்து நிமிடத்தில் முழுக் கூடைக் கட்டின் உறுதி இதற்கு இல்லை என்பது உண்மைதான். இரண்டாவது மணி நேரத்தில் இருக்கிற நிலைமையைப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன். குறை என்றால், எலாஸ்டிக் பிசின் வலுவானது, சிலருக்குத் தோல் அரிக்கும். முந்தின நாள் முன்கையில் ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள். இரண்டு வகை டேப் வாங்க வேண்டும். தனியாகக் கட்டிக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவையாவது கை பழக வேண்டும்.

## 3. கலர் டேப்

கினிசியோ டேப் என்பதும் இதுதான். ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே 1970-களில் உருவாக்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்களின் தோளிலும் முட்டியிலும் தெரிந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பருத்தித் துணி, நன்றாக நீளும், தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் பிரியாது, மூன்று நாலு நாள் அப்படியே விடலாம். ஓட்டக்காரர்கள் கேட்கிற எல்லாம் இதில் இருக்கிறது: எடை இல்லை, ஷூவுக்குள் இடம் அடைக்காது, யூடியூப் பார்த்து நாமே ஒட்டலாம்.

ஒன்றே ஒன்றுதான் இல்லை. இது கணுக்காலைப் பிடித்து நிறுத்தாது. இவ்வளவு நீள்கிற துணி, 60 கிலோ உடம்பு எடை வெளிவிளிம்பில் இறங்கும்போது அதை எப்படித் தடுக்கும்? இதை ஒட்டினால் தைரியமாக இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. மிச்சமிருக்கும் லேசான வலிக்கும், கணுக்கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற கவனத்துக்கும் சிலருக்கு உதவுகிறது. ஆனால் அந்தத் தைரியத்தை நம்பிக் குண்டும் குழியுமான ரோட்டில் வேகத்தைக் கூட்டுவதுதான் இதன் மறைமுகச் செலவு. மூன்று மாதத்தில் இரண்டு தடவை கால் மடங்கியவர், இதை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒட்டுகிறவர்கள் முனைகளை வட்டமாக வெட்டுங்கள், ஓடுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் ஒட்டுங்கள், தேய்த்துச் சூடேற்றுங்கள். சாக்ஸ் விளிம்பு உரசும் இடத்தில் டேப் முடியக் கூடாது.

## 4. முல்லிகன் பட்டை

நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் பிரையன் முல்லிகன் பெயரால் வழங்கும் முறை. மொத்தமே இரண்டு பட்டை. வெளிக்கணு எலும்பின் முன்பக்கத்தில் தொடங்கி, அந்த எலும்பைக் கையால் மெல்லப் பின்னோக்கித் தள்ளிப் பிடித்தபடி, டேப்பைச் சாய்வாக மேலேற்றிக் காலின் பின்பக்கம் சுற்றி முன்னால் முடிப்பது. அதே தடத்தில் இன்னொன்று. அடியில் தோலைக் காக்கும் வெள்ளை மென்டேப். பாதத்தின் அடியில் எதுவுமே போகாது. ஓடுகிறவருக்கு இது பெரிய வரம்: வீங்கும் பாதத்தை எதுவும் நெரிப்பதில்லை, மணல் தங்குவதில்லை, கொப்புளம் அபூர்வம்.

கூடைப்பந்து வீரர்களிடம் சிறிய அளவில் செய்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், இதை ஒட்டியவர்களுக்குக் கணுக்கால் காயம் குறைவாக இருந்தது. ஓட்டக்காரர்களிடம் பெரிதாகச் சோதித்துப் பார்த்த முறை அல்ல. எனவே இதை எல்லோருக்கும் சொல்வதில்லை. பழைய சுளுக்கு, இப்போது மடங்குவதில்லை, ஆனால் படி இறங்கும்போது கணுக்கால் முன்பக்கம் பிடிக்கிறது என்கிறவருக்கு ஒட்டிப் பார்ப்பேன். எலும்பைத் தள்ளிப் பிடித்ததுமே அந்தப் பிடிப்பு குறைந்தால் இது உங்களுக்கானது. வலி கூடினால் அந்தக் கணமே விட்டுவிடுங்கள். முதல் இரண்டு தடவை தெரிந்தவர் கையால் போட்டுக்கொள்வதே நல்லது.

## 5. லேஸ் பிரேஸ்

டேப் இல்லை என்றாலும் சேர்க்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் இடைவேளை இல்லாத பிரச்சினைக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது: தளர்ந்தால் தண்ணீர்ப் பந்தலில் நின்று லேஸை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் நன்றாகவே குறைந்தது. ஏற்பட்ட காயத்தின் கடுமை மட்டும் குறையவில்லை. ஒரு முறை வாங்கினால் ஒரு சீசன் ஓடும்.

ஆனால் ஷூவுக்குள் இடம் வேண்டும், பலருக்கு அரை சைஸ் பெரிய ஷூ வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 42 கிலோமீட்டருக்குச் சூடு, உரசல். தினம் துவைத்து நிழலில் காயவைக்காவிட்டால் இந்த ஈரக் காற்றில் இரண்டாம் நாளே நாறும்.

## ஒரே பார்வையில்

| | மடங்காமல் பிடிப்பது | 2 மணி நேரத்துக்குப் பின் | தோல், வீக்கம் | தானே கட்டலாமா | ஒரு ஓட்டத்துக்குச் செலவு |
|---|---|---|---|---|---|
| முழுக் கூடைக் கட்டு | தொடக்கத்தில் மிக நன்று | பெரிதும் தளரும் | ஆபத்து அதிகம் | கடினம் | அதிகம் |
| கலப்புக் கட்டு | நன்று | ஓரளவு நிற்கும் | கவனம் தேவை | பழகினால் முடியும் | நடுத்தரம் |
| கலர் டேப் | மிகக் குறைவு | அப்படியே ஒட்டியிருக்கும் | நன்று | எளிது | குறைவு, சில நாள் தாங்கும் |
| முல்லிகன் பட்டை | ஆளுக்கு ஆள் மாறும் | பெரும்பாலும் நிற்கும் | மிக நன்று | கற்றுக்கொண்டால் எளிது | குறைவு |
| லேஸ் பிரேஸ் | நன்று | மறுபடி இறுக்கலாம் | உரசல், சூடு | மிக எளிது | நாளாக ஆக மிகக் குறைவு |

## யாருக்கு எது

கால் மடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை, மருத்துவர் ஓடலாம் என்று சொல்லிவிட்டார் என்றால் பிரேஸோடு தொடங்குங்கள். தினமும் போடலாம், ஆள் தேட வேண்டாம். நீண்ட ஓட்டம் 15 கிலோமீட்டரைத் தாண்டி, பிரேஸ் உரசத் தொடங்கும்போது கலப்புக் கட்டுக்கு மாறுங்கள். பல வருடப் பழைய சுளுக்கு, எப்போதாவது நழுவுகிறது என்றால் நேராகக் கலப்புக் கட்டுக்கே வரலாம். ஒருபோதும் மடங்கியதே இல்லை, பயமாக மட்டும் இருக்கிறது என்கிறவருக்கு எந்த டேப்பும் வேண்டாம். வெளிச்சமான தெரு, பள்ளமில்லாத பாதை, ஷூவின் அடிப்பாகம் ஒருபக்கம் தேய்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவு போதும்.

எந்தக் கட்டைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே ஒற்றைக்கால் பயிற்சி வேண்டும். நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் மறுபடி சுளுக்கும் ஆபத்து சுமார் 35 சதவீதம் குறைந்தது. வாரம் மூன்று நாள், அரை மணிக்குள். மொட்டை மாடியில் வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நில்லுங்கள், பிறகு கண்ணை மூடி நில்லுங்கள், பிறகு மடித்த போர்வைமேல். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.

எண்ணூர் சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண் கலப்புக் கட்டைத் தேர்ந்தெடுத்தார். நாலு ஞாயிறு அண்ணனையே கூட்டிக்கொண்டு வந்தார். ஹீல் லாக் அவருக்கு இரண்டாம் வாரமே கைவந்துவிட்டது. பந்தயத்தன்று புதிதாக எதையும் கட்டாதீர்கள் என்று அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பந்தய நாளில் கட்டப்போகும் அதே டேப்போடு, அதே ஷூ, அதே சாக்ஸில், குறைந்தது ஒரு 18 கிலோமீட்டர் முன்னதாக ஓடிப் பாருங்கள்.

ஓடி முடித்ததும் டேப்பைப் பிய்த்து இழுக்காதீர்கள். முனை மழுங்கிய கத்தரியை உள்கணுவுக்குப் பின்னால் இருக்கும் குழிவில் விட்டு மேலிருந்து கீழே வெட்டுங்கள். டேப்பை மேலே தூக்காமல், தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் திசையிலேயே உரியுங்கள். வராத இடத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். உள்ளே தோல் நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். கழுவித் துடைத்துக் காற்றாட விடுங்கள். மறுநாளும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்தச் சிவப்பு போகும்வரை அங்கே டேப் ஒட்ட வேண்டாம்; அதுவரை பிரேஸும் மெல்லிய சாக்ஸும் போதும்.